துக்கம் எப்போது நோய் ஆகிறது? விதிகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

பொதிகைத்தென்றல் எழுதியது:

அப்பா இறந்து ஆறு மாதம் தாண்டிவிட்டது. தலைத் திவசம் இன்னும் வரவில்லை. அம்மா சமைக்கிறார், ரேஷன் கடைக்குப் போகிறார், பேத்தியிடம் சிரித்துப் பேசுகிறார். ஆனால் குடும்ப ஓய்வூதியப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அச்சாகி இருக்கிறது. அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். கருவூலத்துக்கு அழைத்துப் போனால் வாசலோடு திரும்பிவிடுகிறார். ராத்திரி ஆனால் அழுகை. தூக்கம் குறைவு.

இங்கே ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். டிப்ரெஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி, “அது டிப்ரெஷன் இல்லை, நீடித்த துக்கக் கோளாறு என்று புதிதாக வந்திருக்கிறது, ஆனால் ஒரு வருஷம் ஆனால்தான் அப்படிச் சொல்லலாம்” என்கிறான். வேறோர் இடத்தில் ஆறு மாதம் போதும் என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர், “துக்க வீட்டில் போய் டிப்ரெஷன் என்று அந்தக் காலத்தில் சட்டென்று எழுத மாட்டார்கள்” என்கிறார்.

யார் சொல்வது சரி? எந்த வருஷம், எந்த நாடு என்பதைப் பொறுத்து நோய் உண்டு, இல்லை என்று எப்படி ஆகும்? சிகிச்சைக்கு வழி கேட்கவில்லை, மருத்துவரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இந்த விதிகள் எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் தெளியும்.

---

மதுரை_மனநலம் எழுதியது:

நான் மனநல மருத்துவர். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆளுக்கொரு பதிப்பை வைத்துப் பேசுகிறார்கள்.

இதில் இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போடும் டிஎஸ்எம். இன்னொன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. நம் ஆஸ்பத்திரிகளில் நோய்க் குறியீடு எழுதுவது ஐசிடியை வைத்து. படிப்பிலும் ஆராய்ச்சியிலும் டிஎஸ்எம் அதே அளவு புழங்கும்.

டிஎஸ்எம்மின் 1952, 1968 பதிப்புகள் மெல்லிய கையேடுகள். ஒரு நோய்க்கு ஓரிரு வாக்கியம் இருக்கும், மீதி மருத்துவர் கையில். 1980இல் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் வந்த மூன்றாம் பதிப்புதான் அறிகுறிகளை எண்ணிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்பதில் ஐந்து அறிகுறி, இரண்டு வாரம் என்று இன்று டிப்ரெஷனுக்குச் சொல்கிறோமே, அந்த வழி அங்கேதான் தொடங்கியது.

எண்ணத் தொடங்கினால் துக்க வீடு உடனே இடிக்கும். அழுகை, தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமில்லாமை, கவனம் நிற்காமை. கணவரை இழந்த பெண்ணிடம் இரண்டு வாரத்தில் ஐந்தும் இருக்கும். பவுலா கிளேட்டன் என்ற மருத்துவர் செயின்ட் லூயிஸ் நகரில் கணவரையோ மனைவியையோ இழந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். முதல் மாதத்தில் பலருக்கு டிப்ரெஷனுக்கு உரிய எல்லாமே இருந்தது. வருஷம் முடிவதற்குள் பெரும்பாலோர் தாமாகவே மீண்டார்கள். அதனால் 1980 பதிப்பு துக்கத்துக்கு விலக்குக் கொடுத்தது, அதாவது இயல்பான துக்கத்தில் இருப்பவருக்கு டிப்ரெஷன் என்று எழுதக் கூடாது. 1994இல் வந்த நான்காம் பதிப்பு அந்த விலக்குக்கு இரண்டு மாதம் என்று எல்லை வைத்தது. அந்த இரண்டு மாதத்துக்குள்ளும், சாக வேண்டும் என்ற எண்ணம், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, இல்லாத குரல் கேட்பது போன்ற சைக்கோசிஸ் அறிகுறிகள், உடல் இயக்கமே மந்தமாகிப் போவது, அன்றாட வாழ்க்கை அடியோடு முடங்குவது இவை இருந்தால் விலக்குக் கிடையாது.

2013இல் ஐந்தாம் பதிப்பு விலக்கையே எடுத்துவிட்டது. 2022 மார்ச்சில் வந்த திருத்தப் பதிப்பில் நீடித்த துக்கம் தனி நோயாகச் சேர்ந்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் யாருக்கும் 6 மாதம்தான். ஆக, உங்கள் அம்மா இன்று ஒரு புத்தகத்தின் கால எல்லைக்குள் வருகிறார், இன்னொன்றில் வரவில்லை.

---

கோவைக்காரன் எழுதியது:

டாக்டர் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். 2013 மே மாதத்துக்கு முன்னால் இரண்டு மாத விலக்கு. புத்தகம் வெளியான மறுநாள் விலக்கு இல்லை. இடையில் மனித மூளையில் என்ன மாறியது? ஒன்றுமில்லை. ஒரு குழு கூடி முடிவு செய்தது, அவ்வளவுதான்.

அந்தக் குழு எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் தலைமைக் குழுவில் 69 சதவீதம் பேருக்கு மருந்துக் கம்பெனிகளோடு பணத் தொடர்பு இருந்ததை 2012இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அவர்களே அறிவித்த விவரங்களில் இருந்து எடுத்த கணக்கு அது. துக்கத்தை மாத்திரைக்குள் கொண்டுவந்தால் யாருக்கு லாபம் என்பது தெரிந்ததுதான். இதை எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நான்காம் பதிப்பின் தலைவராக இருந்த ஆலன் பிரான்சிஸ் வெளிப்படையாக எதிர்த்தார். மனைவியை இழந்திருந்த ஹார்வர்டு மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், தன் துக்கத்தை முன்வைத்தே 2012இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

1973இல் ஓரினச் சேர்க்கையை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்ததும் ஓட்டுப் போட்டுத்தானே? காசநோய் உண்டா இல்லையா என்று யாராவது ஓட்டுப் போடுவார்களா?

---

வானதி_உளவியல் எழுதியது:

கோவைக்காரன் அண்ணா, பணத் தொடர்பு பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஓட்டு விஷயத்தை மட்டும் முழுசாகச் சொல்ல வேண்டும்.

1973 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு அந்த முடிவை எடுத்தது. பிடிக்காத மருத்துவர்கள்தான் உறுப்பினர் வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். 1974இல் நடந்தது, 58 சதவீதம் பேர் நிர்வாகக் குழுவின் பக்கம். அதற்கு முன்பே ஆதாரம் சேர்ந்துகொண்டிருந்தது. 1957இல் ஈவ்லின் ஹூக்கர் ஓரினச் சேர்க்கை ஆண்கள், மற்ற ஆண்கள் இருசாராரின் உளவியல் சோதனைத் தாள்களையும் பெயர் தெரியாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1972இல் டல்லஸ் மாநாட்டில் ஜான் ஃப்ரையர் என்ற மனநல மருத்துவர் முகமூடி போட்டு, குரலை மாற்றி, “நான் ஓரினச் சேர்க்கையாளன், நான் மனநல மருத்துவன்” என்று பேசினார். தன் பெயரில் பேசினால் வேலை போய்விடும் என்ற நிலை. இத்தனைக்கும் பிறகுதான் ஸ்பிட்சர், ‘ஒருவருக்கு வேதனையோ வாழ்க்கையில் முடக்கமோ தராத ஒன்றை எப்படி நோய் என்பது’ என்ற இடத்துக்கு வந்தார்.

அப்போதும் ஒரேயடியாகப் போகவில்லை. வேறு வேறு பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்து, டிஎஸ்எம்மில் தனி நோயாக இருந்தது 1987இல்தான் போனது. உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990 மே 17இல். இங்கே ‘மாற்றிவிடுகிறோம்’ என்று சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட 2021 ஆனது. எடுத்த முடிவு தப்பு என்று யாரும் இன்று சொல்லப் போவதில்லை. தப்பாக உள்ளே வைத்திருந்ததுதான் அநியாயம். விதி மாறுவதே மோசடி என்றால் இதையும் மோசடி என்று சொல்ல வேண்டி வரும்.

அப்புறம், எண்ணும் முறை வருவதற்கு முன்னால் நிலைமை நன்றாக ஒன்றும் இல்லை. ஒரே நோயாளியின் பேட்டியைப் படம் பிடித்து அமெரிக்க, பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களுக்குக் காட்டிய ஆய்வு 1971இல் வெளியானது. அமெரிக்கர்களில் 69 சதவீதம் பேர் மனச்சிதைவு நோய் என்றார்கள். பிரிட்டிஷ்காரர்களில் 2 சதவீதம். நோயாளி ஒருவரே, படமும் ஒன்றே. விமானம் ஏறினால் நோய் மாறும் நிலை அப்போதும் இருந்தது, இப்போதைவிட மோசமாக.

ஆனால் எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஐந்தாம் பதிப்புக்கு முன்னோட்டமாக ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளந்தார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவு அது. 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தற்செயல். டிப்ரெஷனுக்குக் கிடைத்தது 0.28. நாம் எல்லாரும் தினம் சொல்லும் நோய்க்கு இவ்வளவுதான்.

---

நசீமா_காயல் எழுதியது:

எங்களில் கணவர் மௌத் ஆனால் மனைவி இத்தா இருப்பது நாலு மாதம் பத்து நாள். வெளியே போவது, அலங்காரம் எல்லாம் நிறுத்திவிட்டு இருக்க வேண்டிய காலம் அது. அதில் பாதி கூட ஆகாத இரண்டு மாதத்தை எல்லையாக யார் வைத்தார்கள், எதை வைத்து? டாக்டர் சொன்னால் நல்லது.

---

மதுரை_மனநலம் எழுதியது:

நசீமா, உங்கள் கேள்விதான் இந்த விஷயத்தின் நடுப்புள்ளி. இரண்டு மாதத்துக்குப் பின்னால் துக்கம் நோயாக மாறுகிறது என்று காட்டும் ஆய்வு எதுவும் இல்லை. கிளேட்டன் பார்த்தவர்களில் பலர் அதைத் தாண்டியும் கஷ்டப்பட்டுத்தான் மீண்டார்கள். ஒரு கோடு வேண்டும் என்று போட்ட கோடு அது. 2013இல் அதை நீக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீக்கச் சொன்னவர்கள், கென்னத் கெண்ட்லர் போன்றவர்கள், கேட்டது இது: விவாகரத்து ஆன பிறகு வரும் டிப்ரெஷனுக்கு விலக்கு இல்லை, வேலை போனவனுக்கு இல்லை, வீடு வெள்ளத்தில் போனவனுக்கு இல்லை. சாவுக்கு மட்டும் ஏன்? அறிகுறிகள் ஒரே மாதிரி, சிகிச்சைக்கு இணங்குவதும் ஒரே மாதிரி என்றால் சலுகையை எடுத்துவிடுங்கள். ஜெரோம் வேக்ஃபீல்டு இதே ஒப்புமையைக் கையில் எடுத்து நேர் எதிரான முடிவுக்குப் போனார். சாவும் மற்ற இழப்பும் ஒரே மாதிரிதான், ஆகவே விலக்கை எல்லா இழப்புக்கும் விரித்துக் கொடுங்கள் என்று 2007இல் ஆய்வோடு எழுதினார். இரண்டு பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, இரண்டு பேரிடமும் தரவு இருந்தது. எதை அதிகம் அஞ்சுகிறோம் என்பதில்தான் பிரிந்தார்கள். ஒருவர், துக்கம் என்று சொல்லி உண்மையான டிப்ரெஷனைக் கவனிக்காமல் விட்டு அந்த ஆள் தற்கொலை செய்துகொண்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிறார். மற்றவர், இயல்பான அழுகைக்கு நோய்ப் பெயர் வைத்து வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுத்துவிடுவோமே என்று அஞ்சுகிறார்.

இந்த அச்சங்களில் எது பெரிது என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. கோவைக்காரன், உங்கள் காசநோய்க் கேள்விக்கும் இதே பதில்தான் சொல்வேன். கிருமி உண்டா இல்லையா என்பதற்கு ஓட்டு வேண்டாம். ஆனால் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தால் நோய் என்பதை மருத்துவர் குழு கூடித்தான் வைக்கிறது. 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அந்த எல்லையை 140/90இல் இருந்து 130/80க்கு இறக்கின. அழுத்தம் உண்மை, கோடு நாம் போட்டது. கோட்டைப் போடுகிறவர்களின் பண விவரத்தைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

நீடித்த துக்கம் என்ற புதிய நோய்க்கு வருவோம். இதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஹோலி பிரிகர்சன், கேத்தரின் ஷியர் போன்றவர்கள் பல வருஷம் காட்டி வந்தது என்னவென்றால், ஒரு சிறு பகுதியினருக்குத் துக்கம் நகராமல் நின்றுவிடுகிறது, அதன் முகம் டிப்ரெஷன் போல இல்லை. டிப்ரெஷனில் எல்லாமே வெளிறிப் போகும். இதில் எல்லாம் ஒரே ஆளைச் சுற்றி வரும். டிஎஸ்எம் கேட்பது, தீராத ஏக்கம் அல்லது ஓயாத நினைப்பு, அதோடு எட்டில் மூன்று: தன்னில் ஒரு பாகம் செத்துவிட்டது போன்ற உணர்வு, நம்ப முடியாமை, இறந்ததை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, கடும் வேதனை, மற்றவர்களோடு கலக்க முடியாமை, மரத்துப் போவது, வாழ்வில் அர்த்தமின்மை, கடும் தனிமை. புத்தகத்தில் ஏறும் முன்பே ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்திருந்தார்கள், அதனால் ஒரு நன்மையும் உண்டு. 2016இல் ஷியர் குழு வெளியிட்ட ஆய்வில், துக்கத்துக்கென்றே அமைத்த 16 அமர்வுப் பேச்சுச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. சிட்டலோப்ராம் என்ற டிப்ரெஷன் மாத்திரையைக் கூடச் சேர்த்தபோது துக்கம் அதனால் கூடுதலாகக் குறையவில்லை. கூடவே இருந்த டிப்ரெஷன் அறிகுறிகள் குறைந்தன. துக்கத்துக்குத் தனிப் பெயர் வைத்ததால்தான் மாத்திரை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

அமெரிக்கர்கள் 12 மாதம் வைத்தது எச்சரிக்கைக்காக. அவசரப்பட்டு யார் மேலும் இந்தப் பெயரைப் போட்டுவிடக் கூடாது என்று. இரண்டு புத்தகங்களுமே அந்த ஆளின் சமூகம், பண்பாடு, மதம் எதிர்பார்க்கும் அளவைத் தாண்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இத்தா இருக்கும் பெண்ணை அந்த வரி காப்பாற்றும். படிக்காத மருத்துவரிடம் மாட்டினால் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

சேலத்து_அம்மா எழுதியது:

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு முதலில் ஆஸ்பெர்கர் என்றுதான் சொன்னார்கள். 2013 பதிப்பில் அந்தப் பெயரே போய் ஆட்டிசம் நிறமாலையோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரில் தன்னை அடையாளம் கண்டு தைரியமாக இருந்த பிள்ளை, “அப்போ நான் யாரும்மா?” என்று கேட்டான். குழுவில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

---

வன்னிமகன் எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். டொக்டர் எழுதின அந்த எட்டு அறிகுறியையும் வாசித்தேன். என் பெரியம்மாவிடம் எட்டும் இருக்கு. ஆனால் அந்த நோய் அவவுக்கு வராது, ஏனென்றால் முதல் நிபந்தனையே நெருங்கிய ஒருவர் இறந்திருக்க வேண்டும் என்பதுதானே.

அவவின் மகன் 2009 மே மாதம் முல்லைத்தீவில் ஆமியிடம் சரணடைந்தவர். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்தது என்று சொல்ல அவவால் ஏலாது. சொன்னால் தானே மகனைக் கைவிட்ட மாதிரி என்று நினைக்கிறா. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் இல்லை. 2016இல் கொண்டுவந்த சட்டப்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்கலாம். அதையும் எடுக்க மாட்டன் என்றுவிட்டா. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாமார் தொடங்கின போராட்டத்தில் போய் இருந்தவ. அவவோட இருந்த சிலர் பிள்ளையைக் காணாமலே செத்துப் போச்சினம்.

இவையின்ட துக்கத்துக்கு எந்தத் திகதியில் இருந்து மாதம் எண்ணுறது? பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வாற மனக்கோளாறு என்று எழுதலாம் என்று ஒரு டொக்டர் சொன்னார். அதுவும் பொருந்தவில்லை. நடந்து முடிந்த ஒன்றின் பயம் இல்லை இது. இன்னும் முடியவில்லை.

---

வானதி_உளவியல் எழுதியது:

வன்னிமகன் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. டிஎஸ்எம், ஐசிடி இரண்டிலும் நீடித்த துக்கம் மரணத்தில் இருந்துதான் தொடங்குகிறது. காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு அதில் இடம் இல்லை. பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இருந்தே ‘தெளிவற்ற இழப்பு’ என்று இதைப் பற்றி எழுதி வருகிறார். போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களில் இருந்துதான் அவருடைய வேலை தொடங்கியது. அவர் இதை அந்த ஆளின் மனக்கோளாறாகப் பார்க்கவில்லை. கோளாறு சூழ்நிலையில் இருக்கிறது என்கிறார்.

பி.டி.எஸ்.டி. உள்ளே வந்த கதையையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். 1952 பதிப்பில் போர் போன்ற கடும் அதிர்ச்சிக்கு ஒரு பெயர் இருந்தது. 1968 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அப்போது வியட்நாம் போர் உச்சத்தில். திரும்பி வந்த வீரர்களுக்கு என்ன பெயர் எழுதுவது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. வீரர்கள் தாங்களே கூடிப் பேசத் தொடங்கினார்கள். ஹைம் ஷட்டான், ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு, எழுதி, ஸ்பிட்சரின் குழுவோடு பல வருஷம் வாதாடினார்கள். 1980இல் அது புத்தகத்தில் ஏறியது. அனுபவித்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த பெயர் அது.

---

கோவைக்காரன் எழுதியது:

வானதி சொன்ன இந்தக் கதையில் எனக்கு எதிர்ப்பு இல்லை. நோயாளிகள் கேட்டு வந்த பெயருக்கும் கம்பெனிக்குத் தோதாக வந்த பெயருக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்றுதான் நான் சொல்வது. என் கவலை பொதிகைத்தென்றலின் அம்மா பற்றி. டிப்ரெஷன் என்று ஒரு தரம் சீட்டில் ஏறிவிட்டால் நாளைக்குச் சொத்து, கையெழுத்து என்று வரும்போது யாராவது ‘மனநோயாளி’ என்று கிளப்புவார்களே?

---

மதுரை_மனநலம் எழுதியது:

நியாயமான கவலை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனநோயை ஐசிடி போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத வழக்கங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து யாரையும் மனநோயாளி ஆக்க முடியாது என்றும் சொல்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தார் என்பது மட்டுமே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆக்காது, அதை நீதிமன்றம் தனியாகத் தீர்மானிக்க வேண்டும்.

பொதிகைத்தென்றல், மாத்திரையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். அடுத்த தடவை போகும்போது இங்கே முதலில் எழுதினீர்களே, படிவம், ‘காலஞ்சென்ற’, வாசலோடு திரும்புவது, அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கம், பசி பற்றி மட்டும் கேட்கும் பத்து நிமிஷத்தில் அது வெளியே வந்திருக்காது. சாப்பாடு நின்றால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மாதக் கணக்கு எதுவும் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

---

பொதிகைத்தென்றல் எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர், சொல்கிறேன். வன்னிமகன் அண்ணா, உங்கள் பெரியம்மாவைப் பற்றிப் படித்ததில் இருந்து வேறு எதுவும் எழுத வரவில்லை.

---

வன்னிமகன் எழுதியது:

நன்றி தங்கச்சி. வானதி, ஒரு கேள்வி. இந்த ஐசிடியில் மாற்றம் கேட்க வெளி ஆட்களுக்கு வழி இருக்கா?

---

வானதி_உளவியல் எழுதியது:

இருக்கிறது அண்ணா. ஐசிடி-11க்கு இணையத்தில் பராமரிப்புத் தளம் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் முன்மொழிவு போடலாம், மற்றவர்கள் போட்டதற்குக் கருத்தும் எழுதலாம். டிஎஸ்எம்மும் இப்போது பதிப்புகளுக்கு நடுவிலேயே முன்மொழிவு வாங்குகிறது. நீடித்த துக்கம் சேர்ந்தது அந்த வழியில்தான். ஆனால் தனி ஆளின் கடிதம் நிற்காது, வெளியான ஆய்வு கேட்பார்கள். வடக்கில் போரின் மனப் பாதிப்பு பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதி வந்திருக்கிறார், அங்கிருந்து தொடங்கலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுக்கும் வேலையை நான் செய்கிறேன்.

---

வன்னிமகன் எழுதியது:

சரி. பெரியம்மாவிடமும் அவவோட இருந்த அம்மாமாரிடமும் கேட்கிறேன், அவை சம்மதித்தால் அவை சொல்லுறதை எழுதி எடுப்பம். யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பக்கம் வேலை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்குத் தனி மடல் போடுங்கோ.